ஒரு கோழிக்கு கோர்ட்டா?

கேள்வி: விக்டோரியா ராணி காலத்து இங்கிலாந்து கிராம நாடகம் ஒண்ணு பாத்தேன், ரெண்டு கோழி திருடுனவன ஜெயில்ல போடுறாங்க. எங்க பாட்டி சிங்கப்பூர்ல செம்பவாங் கம்பத்துல, அதான் கிராமத்துல, இருந்தப்போ கோழி கால்ல செவப்பு நூல் கட்டிவிடுவாங்களாம், காணாம போனா ஊரையே திட்டித் தீத்துட்டு விட்டுருவாங்களாம். இங்கிலாந்துல நிஜமாவே கோழி திருடுனா ஜெயிலா?
- ஈசூன் வாசகி

பதில்: நிஜந்தாங்க. 1855ல வந்த சட்டப்படி அஞ்சு ஷில்லிங்குக்கு மேல போகாத திருட்டுன்னா, திருடுனவன் சம்மதிச்சா உள்ளூர் மாஜிஸ்ட்ரேட்டுங்களே விசாரிச்சு மூணு மாசம் வரைக்கும் உள்ள தள்ளலாம், வயக்காட்டுக் கூலிக்கு வாரத்துக்கே சுமாரா பத்து ஷில்லிங்தான் கெடைக்கும், அப்ப கோழி பறிகொடுத்த ஏழை வீட்டுக்கு அது எவ்ளோ பெரிய நஷ்டம்னு பாத்துக்கோங்க.

ஆனா புடிக்கிறதுக்கு ஆளு? லண்டனுக்கு 1829லயே போலிஸ் வந்துருச்சு, கிராமத்துல செருப்பு தைக்கிறவரோ விவசாயியோ யாராச்சும் ஒருத்தர் தலையில ஒரு வருஷத்துக்கு கான்ஸ்டபிள் வேலைய கட்டிருவாங்க, சம்பளம் கெடையாது, பக்கத்து வீட்டுக்காரன புடிச்சுக் குடுத்துட்டு அதே தெருவுல யாரு குடியிருக்கிறது சொல்லுங்க! அதனால வசதியானவங்க சங்கம் வச்சு சந்தா கட்டி, துப்பு குடுத்தா இனாம்னு நோட்டீஸ் ஒட்டுவாங்க. 1839ல, வேணும்ங்கிற மாவட்டம் போலிஸ் வச்சுக்கலாம்னு சட்டம் வந்துச்சு, செலவுக்கு பயந்து பல எடத்துல வேணாம்னுட்டாங்க. 1856ல கட்டாயம் ஆக்குனாங்க, ஒழுங்கா நடத்துனா சம்பளம் உடுப்பு செலவுல கால் பங்கு அரசாங்கம் குடுக்கும்னு ஆசையும் காட்டுனாங்க.

அப்புறம் வந்த கான்ஸ்டபிள் ராத்திரி நடந்தே ரோந்து போவாரு. கோழிக்கூட்டுப் பக்கம் சேத்துல பதிஞ்ச பூட்ஸ் தடம்தான் அவருக்கு பெரிய சாட்சி, அடியில எந்த ஆணி தேஞ்சிருக்கு எது விழுந்திருக்குன்னு சந்தேகப்பட்டவன் பூட்ஸோட வச்சுப் பாப்பாங்க, கோட்டு பாக்கெட்டுல ஒரு எறகு ஒட்டியிருந்தாலும் ஆளு மாட்டுனான்.

இதுல எனக்கு கடுப்பு எங்கன்னா 1862 சட்டத்துலதான். பண்ணையார் நெலத்துல முயலோ காட்டுக்கோழியோ வேட்டையாடிட்டு வர்றான்னு சந்தேகம் வந்தாலே ரோட்டுல நிறுத்தி பைய சோதிக்கலாம்னு போலிசுக்கு அதிகாரம் குடுத்தாங்க. தீர்ப்பு சொல்ற மாஜிஸ்ட்ரேட்டும் பாதிக்கு மேல அதே நெலத்துக்காரங்கதான், இல்லன்னா பாதிரியாரு. ஊர்க்காரங்க முயல் புடிக்கிறத திருட்டாவே நெனைக்கல, அடுத்த வீட்டுக் கோழிய எடுத்தவன மட்டும் மன்னிக்க மாட்டாங்க.

பாட்டியோட செவப்பு நூல் அருமையான ஐடியா, ஆனா திருடன் அத மொதல்ல அறுத்துருப்பானே?