புதுச்சேரியிலிருந்து ஒரு நாளில் திருப்பாதிரிப்புலியூர்: எதை எப்போது பார்ப்பது?

கேள்வி: மூட்டுவலி உள்ள அம்மா, 6 வயதிலும் 10 வயதிலும் இரண்டு பிள்ளைகள். புதுச்சேரியிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பி கடலூர் திருப்பாதிரிப்புலியூரின் பழைய ஊர்ப்பகுதியைப் பார்த்துவிட்டு வரலாமா? கோட்டை, பீச் இரண்டையும் சேர்த்துக்கொள்ள முடியுமா?

தாராளமாக வரலாம். பாடலீஸ்வரர் கோயில் காலையில், பீச் மாலையில் என்ற வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். வீட்டில் நிதானமாக டிபன் முடித்துக் கிளம்பினால் ஊருக்குள் நுழையவே பதினொன்றரை ஆகிவிடும். 12 மணிவாக்கில் நடை சாத்தினால் மறுபடி திறக்க 4 மணி. நடுவில் நாலு மணி நேரம் வெயிலில் பிள்ளைகளை எங்கே வைத்துக்கொள்வீர்கள்? காலை 7 மணிக்குள் பஸ் ஏறிவிடுங்கள். சுமார் 22 கிலோமீட்டர்தான், ஒரு மணி நேரம் கணக்கு வைத்தால் போதும். காரில் வந்தால் ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் வண்டியைத் திறந்து காட்டச் சொல்வார்கள். ஊர்க்காரர் யாராவது 'ஒரு பாட்டில் வாங்கிட்டு வா' என்று சொல்லியிருந்தால் மறந்துவிடுவது நல்லது.

கடலூர் பஸ் நிலையமே திருப்பாதிரிப்புலியூரில்தான் இருக்கிறது. ஆனால் ரயில் பாதை ஊரை இரண்டாக வெட்டுகிறது. பஸ் நிலையம் ஒரு பக்கம், கோயில் மறுபக்கம். லாரன்ஸ் ரோடு சுரங்கப்பாதை வழியாக நடக்கலாம் என்றாலும் அம்மாவுக்கு இறக்கமும் ஏற்றமும் சேர்ந்து முழங்காலைப் பிடிக்கும். நேராகச் சன்னதி தெருவுக்கு ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள். மீட்டர் எதிர்பார்க்க வேண்டாம், ஏறும் முன்பே தொகையைப் பேசிவிட வேண்டும்.

பாடலீஸ்வரர் கோயிலில் அவசரப்படாதீர்கள். பாதிரி மரத்துக்கு வடமொழியில் பாடலம் என்று பெயர். சுவாமி பெயரும் ஊர்ப் பெயரும் அந்த ஒரே மரத்திலிருந்து வந்தவை. தல மரமும் அதுதான், பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். புலியூர் என்பது புலிக்கால் முனிவர் வழிபட்டதால் வந்ததாம். அப்பர் கதையை வீட்டிலேயே சொல்லிக் கூட்டிவந்தால் சின்னவனுக்கும் சுவாரசியம் இருக்கும். தருமசேனர் என்ற பெயரில் அவர் சமண மடத்தில் இருந்தது இந்த ஊரில். சைவத்துக்குத் திரும்பிய பிறகு கல்லில் கட்டிக் கடலில் போட்டபோது கரையேறியதும் இங்கேதான் என்கிறது பெரியபுராணம். பக்கத்தில் வண்டிப்பாளையம் பகுதியில் கரையேறவிட்டகுப்பம் என்றே ஓர் இடம் இருக்கிறது. 'கடல் எங்கேயோ இருக்கே, இங்கே எப்படிக் கரையேறினார்?' என்று பெரியவன் நிச்சயம் கேட்பான். கெடிலம் ஆறு முன்பு கோயிலுக்குத் தெற்கே ஓடி, பிறகு வடக்கே திசைமாறியது என்று சொல்வார்கள். ஆற்றின் வழியாக வந்தார் என்று சொல்லிச் சமாளிக்கலாம்.

அவனுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். லோகவிபாகம் என்ற சமண நூலின் காலம் கி.பி. 458. பூஜ்ஜியத்தோடு இடமதிப்பு முறையில் எண்கள் எழுதப்பட்டதற்கு மிகப் பழைய சான்றுகளில் ஒன்றாகக் கணித வரலாற்றில் பேசப்படுவது. அது எழுதப்பட்ட 'பாடலிகா' இந்த ஊர்தான் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. தேரடிப் பக்கம் டீக்கடையில் நின்றுகொண்டு இதைச் சொன்னால் கணக்குப் பாடத்தின் மேல் கொஞ்சம் மரியாதை வரலாம்.

பத்தரைக்கு மேல் பிராகாரக் கல் கொதிக்கும். ஆளுக்கு ஒரு ஜோடி பழைய பருத்தி சாக்ஸ் பையில் இருக்கட்டும். வைகாசித் தேர் அன்று மட்டும் வராதீர்கள், பிள்ளைகளோடு நகர முடியாது.

நேரம் இருந்தால் அங்கிருந்து 6 கிலோமீட்டர் மேற்கே திருவந்திபுரம். தேவநாத சுவாமி சன்னதி கீழே, ஹயக்ரீவர் மலைமேல். 74 படி. அம்மா கீழே உட்கார்ந்திருக்க, ஒருவர் மட்டும் பிள்ளைகளை மேலே அழைத்துப்போய் வாருங்கள். போகும் முன் நாட்காட்டியைப் பாருங்கள். முகூர்த்த நாள் என்றால் வரிசையாகக் கல்யாணம் நடக்கும், வண்டி நிறுத்தவே இடம் கிடைக்காது. ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லி, போகவரச் சேர்த்துப் பேசுங்கள்.

மதியச் சாப்பாடு பஸ் நிலையத்தைச் சுற்றியே கிடைக்கும். ஒன்றரைக்குள் உட்கார்ந்தால் கூட்டு, பொரியல் மிச்சமிருக்கும். பிறகு மூன்றரை வரை நிழலில் ஓய்வு.

கோட்டையை நான் சேர்க்க மாட்டேன். தேவனாம்பட்டினம் புனித டேவிட் கோட்டையை 1690-இல் மராத்தியரிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கினார்கள். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துத் தள்ளிவிட்டான். கொத்தளமும் பீரங்கியும் எதிர்பார்த்து வரும் பிள்ளைகளுக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். அதைவிட அதன் கதை நன்றாக இருக்கும்: கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம் வரை உள்ள ஊர்கள் எல்லாம் கம்பெனிக்கு என்று பேச்சு. குண்டு உப்பலவாடி என்ற ஊரின் பெயரில் அந்தக் குண்டு இன்னும் இருக்கிறது.

சில்வர் பீச்சுக்கு நாலரைக்கு மேல் போனால் போதும். கிழக்குப் பார்த்த கரை என்பதால் வெயில் முதுகுப் பக்கம் சாய்ந்திருக்கும், மணலும் ஆறியிருக்கும். கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறக்காதீர்கள், இழுப்பு அதிகம். ஆறு கடலில் சேரும் முகத்துவாரப் பக்கம் போகவே வேண்டாம், அங்கே அடிமணல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். வந்த ஆட்டோக்காரரிடமே ஆறேகால் மணிக்கு வரச் சொல்லி வைத்துவிடுங்கள். இருட்டியதும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் பஸ் நிலையத்துக்குத்தான் கிளம்பும்.