ஏதோ ஒரு ஜிமிக்கி

கேள்வி: நான் குடியை விட்டு எட்டு வருடம், இரண்டு மாதம், 11 நாள் ஆகிறது. குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) இயக்கத்தின் கூட்டங்களுக்குப் போய், அதன் பன்னிரண்டு படிகளையும் முடித்துவிட்டேன். ஸ்பான்சர் (அங்கே எனக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினர்) இன்னும் ஞாயிறுதோறும் வரச் சொல்கிறார். இன்னும் எத்தனை காலம் போக வேண்டும்? தை மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம், தாய்மாமனாக எனக்கு அலைச்சல் நிறைய. குடித்த காலத்தில் அக்காவின் ஏதோ ஒரு ஜிமிக்கியை அடகு வைத்து, அது மூழ்கிவிட்டது. அக்கா அதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை, அவ்வளவு நல்லவர்.
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: எட்டு வருடத்துக்குக் கூட்டத்தில் கைதட்டியிருப்பார்கள். நான் ஜிமிக்கிக்கு வருகிறேன்.

அதென்ன 'ஏதோ ஒரு'? குடியை விட்ட கணக்கு நாள் பிசகாமல் இருக்கிறது. ஜிமிக்கி எத்தனை கிராம், எவ்வளவுக்கு வைத்தீர்கள் என்பது மட்டும் மறந்துவிட்டதாக்கும்! அக்காவுக்கு மறந்திருக்காது. விசேஷத்துக்கு பீரோவைத் திறக்கும்போதெல்லாம் காலியாகக் கிடக்கும் அந்தச் சின்ன டப்பா கண்ணில் படும். புகுந்த வீட்டில் கேட்டபோது என்ன சொல்லியிருப்பார்? 'தொலைத்துவிட்டேன்' என்று சொல்லி ஏச்சையும் அவரே வாங்கியிருப்பார். தம்பியைக் காட்டிக்கொடுக்காத அக்காக்கள் நம் ஊரில் தெருவுக்கு நாலு பேர். கேட்காததற்கு நல்ல குணம் மட்டுமா காரணம்? கேட்டால் தம்பி மறுபடி பாட்டிலைத் தொட்டுவிடுவானோ என்ற பயமும்தான். அந்த நகைக்கு இன்றுவரை வட்டி கட்டுவது அவர்.

படிகளை முடித்துவிட்டீர்களா? எட்டாவது, தீங்கு செய்தவர்களின் பட்டியல். ஒன்பதாவது, நேரில் போய் அதைச் சரிசெய்வது. பட்டியலில் அக்கா பெயர் இருந்ததா? பத்தாவதோ, தன்னைத் தொடர்ந்து சோதித்து, தப்பு செய்தால் உடனே ஒப்புக்கொள்வது. அதற்குக் கடைசித் தேதி போடவில்லை. எத்தனை காலம் என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

இந்த இயக்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவரான டாக்டர் பாப், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் அறுவை சிகிச்சை மருத்துவர். ஊருக்குத் தெரிந்தால் தொழில் போய்விடும் என்று பயந்தவர். 1935-இல் ஒரு நாள் காலையில் கிளம்பி, யாருக்கெல்லாம் பயந்தாரோ அவர்களையே தேடிப்போய் உண்மையைச் சொன்னார். வீடு திரும்ப நள்ளிரவானது. அதன்பின் 1950-இல் சாகும்வரை குடிக்கவில்லை. அவர் கிளம்பிய அன்று பன்னிரண்டு படிகள் எழுதப்படவே இல்லை. உங்களிடம் அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள்.

அதற்காகக் கல்யாண வீட்டில் நாலு பேர் நடுவே அக்கா காலில் விழுந்து சீன் போடாதீர்கள். சொல்வதால் அவருக்கோ மற்றவருக்கோ கெடுதல் வரும் என்றால் கூடாது என்று ஒன்பதாம் படியிலேயே நிபந்தனை இருக்கிறது. அவர் கணவருக்கு விஷயமே தெரியாமல் இருக்கலாம். எப்படிச் சொல்வது என்று ஸ்பான்சரிடம் பேசுங்கள். அதற்காகவாவது இந்த ஞாயிறு போங்கள். அப்புறம் அக்கா தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் போங்கள். 'போதையில் தெரியாமல்' என்று இழுக்காமல், எடுத்தது நான் என்று சொல்லுங்கள். எத்தனை கிராம் என்று அவரிடமே கேளுங்கள். தங்கம் விற்கிற விலையில் ஒரேயடியாக முடியாதென்றால், மாதம் இவ்வளவு என்று கொடுங்கள்.

தாய்மாமன் சீர் வேறு, இந்தக் கடன் வேறு. சீர்த்தட்டில் ஒரு ஜிமிக்கியையும் வைத்து, ஊர் மெச்சக் கணக்கை முடித்துவிடலாம் என்று பார்க்காதீர்கள்.