யூக்கா ஏன் அழுகுகிறது? வாசகர் கேள்வி பதில்

பாலைவனச் செடிகளைப் பற்றி வந்த கேள்விகளில் பாதி, வேறு வேறு வார்த்தைகளில் கேட்ட ஒரே கேள்விதான். "தண்ணீர் கொஞ்சமாகத்தானே விட்டேன், அப்புறம் ஏன் அழுகியது?" அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பாலைவனச் செடி ஆயிற்றே என்று என் தொட்டி யூக்காவுக்குத் தினமும் அரை டம்ளர் தண்ணீர் மட்டும் விடுகிறேன். அடி இலைகள் மஞ்சளாகிக் காய்கின்றன. இப்போது நடுக்குருத்தும் ஆடுகிறது. காப்பாற்ற முடியுமா?

அடி இலைகளை விடுங்கள். யூக்கா உச்சியில் புது இலை விட விட, கீழே பழையது ஒவ்வொன்றாக மஞ்சளாகிக் காய்ந்து தொங்கும், அது நோய் இல்லை. பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் வெட்டிவிடுங்கள். பயப்பட வேண்டியது குருத்துக்குத்தான். மெதுவாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்து, அடிப்பக்கம் பழுப்பாக வழவழவென்று நாற்றம் அடித்தால் அந்தத் தலை, அதாவது தண்டின் உச்சியில் உள்ள இலைக்கொத்து, முடிந்தது. ஆனால் செடி முடிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. தண்டை மேலிருந்து கீழ்வரை விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள், எங்கே கெட்டியாக இருக்கிறதோ அதற்குச் சற்றுக் கீழே சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். வெட்டிய முகம் வெள்ளையாக, கறை இல்லாமல் இருக்க வேண்டும், கறை தெரிந்தால் இன்னும் கொஞ்சம் இறக்கி வெட்டுங்கள். வேர் நன்றாக இருந்தால் பக்கவாட்டில் மொட்டு கிளம்பும். தலை நன்றாக இருந்து தண்டின் அடி மட்டும் அழுகியிருந்தால் இதையே திருப்பிச் செய்யுங்கள்: தலையை வெட்டி, நிழலில் ஒரு வாரம் காயவைத்து, காய்ந்த கலவையில் நடுங்கள்.

தப்பு அளவில் இல்லை, அந்தத் "தினமும்" என்பதில் இருக்கிறது. பாலைவனத்தில் மழை தினமும் அரை டம்ளராகப் பெய்வதில்லை. பெய்தால் கொட்டும், அப்புறம் வாரக்கணக்கில் எதுவுமே இருக்காது. வேருக்கு இரண்டும் தேவை, நன்றாக நனைவதும் நன்றாகக் காய்வதும். எப்போதும் ஈரமாகவே இருக்கும் மண்ணில் காற்று நுழைய இடம் இல்லை. மெல்லிய வேர்கள் மூச்சு முட்டிச் சாகும், செத்த வேர் வழியாகப் பித்தியம், ஃபைட்டோஃப்தோரா போன்ற கிருமிகள் உள்ளே போகும். வேர் போனால் இலை தொங்கும். பார்ப்பவர்களுக்கு அது தாகம் மாதிரித் தெரியும், பாவம் என்று இன்னொரு டம்ளர் ஊற்றுவார்கள், கதை முடிந்துவிடும்.

ஆகவே தண்ணீர் விடும் நாளில் தொட்டியின் துளை வழியாக ஓடும்வரை விடுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். அப்புறம் தொட்டியின் அடிவரை காயும் மட்டும் தொடாதீர்கள். அடி காய்ந்ததா என்று பார்க்க ஒரு காய்ந்த மரக்குச்சியை ஆழமாகச் செருகி, சில நிமிடம் கழித்து உருவுங்கள். ஈரமோ மண்ணோ ஒட்டி வந்தால் இன்னும் பொறுக்கலாம். எத்தனை நாளைக்கு ஒரு முறை என்று கேட்டால் நான் சொல்ல மாட்டேன். உங்கள் வெயிலும் காற்றும் தொட்டியும் எனக்குத் தெரியாது, குச்சிக்குத் தெரியும்.

கேள்வி: பாலைவனம் என்றால் மணல்தானே? தொட்டி முழுக்க நைஸ் மணல் நிரப்பி, வடிகாலுக்காக அடியில் ஜல்லியும் போட்டிருக்கிறேன். சரிதானே?

இரண்டுமே சரியில்லை. உலகப் பாலைவனங்களில் மணல் மூடிய பகுதி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான், மீதி பெரும்பாலும் கல்லும் சரளையும் பாறையும். சில யூக்காக்கள் கடற்கரை மணல்மேடுகளில் வளர்வது உண்மைதான், ஆனால் அங்கே வேருக்குக் கீழே போய்க்கொண்டே இருக்கும் மணல் உண்டு, தொட்டியில் அது ஒரு சாண் ஆழத்தில் முடிந்துவிடுகிறது. நைஸ் மணல் நெருங்கிப் படிந்து, துகள்களுக்கு நடுவே தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். உங்களுக்கு வேண்டியது 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை உள்ள பருக்கை: பியூமிஸ் (நுரைக்கல்), பெர்லைட் (பொரிந்த எரிமலைக்கல்), உடைத்துச் சலித்த செங்கல், பொடிச் சரளை, எது கிடைக்கிறதோ அது. தூளைச் சலித்து எறிவதுதான் முக்கியம், அதைச் செய்யாவிட்டால் மற்றதெல்லாம் வீண். இப்படிப்பட்ட பருக்கை இரண்டு பங்கு, சாதாரணத் தொட்டிக் கலவை ஒரு பங்கு. மழை நேராக விழும் இடம் என்றால் பருக்கையை இன்னும் கூட்டுங்கள். கோகோபீட்டை (தேங்காய் நார்த்தூள்) குறையுங்கள், அது ஈரத்தை லேசில் விடாது. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு.

அடியில் போடும் ஜல்லி வடிகாலுக்கு உதவுகிறது என்ற நம்பிக்கையைப் பிடுங்கி எறிவது கஷ்டம், ஆனாலும் சொல்கிறேன். நெருக்கமான மண்ணிலிருந்து தண்ணீர் தானாக இறங்கிப் பெரிய இடைவெளிகளுக்குள் போகாது, மேல் மண் முழுதாக நிறைந்த பிறகுதான் சொட்டும். எனவே தொட்டியின் அடியில் இருக்க வேண்டிய ஈரப்பட்டை ஜல்லிக்கு மேலே ஏறி, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து உட்காருகிறது. துளையில் ஒரு துண்டு வலை போதும்.

தரையில் நடுகிறவர்களுக்கும் இதே விஷயம்தான். களிமண்ணில் குழி தோண்டி அதில் மட்டும் மணல் நிரப்பினால் சுற்றிலும் உள்ள தண்ணீரெல்லாம் அந்தக் குழிக்குத்தான் வந்து சேரும். தோண்டாதீர்கள், மேடு கட்டுங்கள். சுற்றுத் தரையைவிட 30 சென்டிமீட்டர் உயர்ந்த சரளை மேடு பல செடிகளைத் தொடர் மழையிலிருந்து காப்பாற்றிவிடும். குளிர்ப் பிரதேசத்திலும் அப்படித்தான்: யூக்கா ஃபிலமென்டோசா உறைநிலைக்குக் கீழே 20 டிகிரிக்கு மேல் இறங்கினாலும் தாங்கும், ஆனால் குளிரும் ஈரமும் சேர்ந்தால் அதற்கும் ஆபத்துதான்.

கேள்வி: என் தோட்டத்து யூக்கா முதல்முறையாகப் பூத்தது. ஆனைக்கற்றாழை மாதிரி இதுவும் பூத்ததும் செத்துவிடுமா? இத்தனை பூவில் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லையே?

சாகாது. ஆனைக்கற்றாழையில் பத்து முதல் முப்பது வருடம்வரை சேர்த்துவைத்த சத்தையெல்லாம் ஒரே பூந்தண்டில் கொட்டிவிட்டு அந்தக் கொத்து காய்ந்துபோகும், பக்கக்கன்றுகள் இருந்தால் அவை தொடரும். யூக்காவில் பூத்த நுனி மட்டும் அதோடு நின்றுவிடும், பக்கத்து மொட்டுகள் வளர்ச்சியை எடுத்துக்கொள்ளும். மரமாக வளரும் யூக்காக்கள் கிளை பிரிவதே பெரும்பாலும் இப்படித்தான். பூந்தண்டு காய்ந்ததும் வெட்டிவிடுங்கள்.

காய் பிடிக்காததற்குக் காரணம் நீங்கள் இல்லை, ஒரு வெள்ளை அந்துப்பூச்சி. டெஜெட்டிகுலா என்ற பேரினம், யூக்காவின் சொந்த ஊரான அமெரிக்கக் கண்டத்தில்தான் இருக்கிறது. பெண் பூச்சியின் வாயருகே மகரந்தம் அள்ளுவதற்கென்றே வளைந்த உறுப்புகள் உண்டு. ஒரு பூவில் மகரந்தத்தைத் திரட்டி உருண்டையாக்கித் தலைக்கடியில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு பூவுக்குப் பறந்து, சூலகத்துக்குள் முட்டையிட்டு, அப்புறம் மேலே ஏறிச் சூல்முடியில் மகரந்தத்தை வேண்டுமென்றே வைத்து அழுத்தும். புழுக்கள் கொஞ்சம் விதையைத் தின்னும், மீதி செடிக்கு. பூச்சி பேராசைப்பட்டு ஒரே பூவில் நிறைய முட்டையிட்டால் செடி அந்தப் பூவையே உதிர்த்துவிடும், கணக்கில் இரண்டு தரப்பும் கறார்! இந்த உறவை 1870-களில் தாவரவியலாளர் ஜார்ஜ் எங்கல்மனும் பூச்சியியலாளர் சார்லஸ் ரைலியும் கவனித்து எழுதினார்கள்.

பூச்சி இல்லாத ஊரில் நீங்கள்தான் பூச்சி. பூக்கள் நன்றாக விரியும் மாலை மங்கிய நேரத்தில், சின்னத் தூரிகையால் மகரந்தத்தை எடுத்து, முடிந்தால் வேறொரு செடியின் பூவில், சூல்முடியின் நடுக்குழிக்குள் அழுத்தி வையுங்கள். மேலாகத் தடவினால் போதாது.

கேள்வி: வீட்டில் சின்னக் குழந்தைகள். கண்ணில் குத்தாத யூக்கா உண்டா?

யூக்கா ஜைகான்டியா. யானைக்கால் யூக்கா என்றும் சொல்வார்கள், இலை நுனி மென்மையானது. வீட்டுக்குள் வைக்க விற்கப்படும் தடித்த தண்டு யூக்கா பெரும்பாலும் இதுதான். ஆனால் தரையில் வைத்தால் பத்து மீட்டர்கூட வளரும், அடித்தண்டு வீங்கிப் பருக்கும், சுவரையும் தண்ணீர்க் குழாயையும் விட்டுத் தள்ளி வையுங்கள். யூக்கா அலோயிஃபோலியாவை மட்டும் குழந்தைகள் ஓடும் வீட்டில் வைக்காதீர்கள், விறைத்த இலை, ஊசி நுனி, விளிம்பில் அரம். ஏற்கெனவே வைத்துவிட்டீர்கள் என்றால் நகவெட்டியால் ஒவ்வொரு இலையின் பழுப்பு முனையையும் சில மில்லிமீட்டர் நறுக்கிவிடலாம், செடிக்கு ஒன்றும் ஆகாது. நடைபாதையிலிருந்து ஒன்றரை மீட்டராவது விலகியிருக்கட்டும். களை எடுக்கக் குனியும்போது பெரியவர்களும் கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: பூனை யூக்கா இலையைக் கடித்துவிட்டது. விஷமா?

யூக்காவில் சப்போனின் என்ற, சோப்பு மாதிரி நுரைக்கும் பொருள் இருக்கிறது. பூனைக்கும் நாய்க்கும் வாந்தி, எச்சில் ஒழுகுவது போன்ற தொந்தரவு வரலாம், நிறையத் தின்றிருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். எனக்கு யூக்காவைவிட அதன் பக்கத்தில் வைக்கிற செடிகள்தான் கவலை. பாலைவன ரோஜா எனப்படும் அடினியத்தின் சாறு இதயத்தைத் தாக்கும், ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவிய விஷம் அது. சதுரக்கள்ளி, திருகுகள்ளி இரண்டின் பாலும் கண்ணில் பட்டால் கடுமையாகப் புண்ணாகும். கையுறை போட்டு வெட்டுங்கள், பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடமாவது கழுவிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் போங்கள். ஆனைக்கற்றாழையின் சாறும் தோலில் அரிப்பும் கொப்புளமும் கொடுக்கும், அதை மின்ரம்பத்தால் வெட்டித் தெறிக்கவிடாதீர்கள்.

கேள்வி: படுக்கையறையில் வைத்தால் இந்தச் செடிகள் இரவில் ஆக்சிஜன் தரும், காற்றைச் சுத்தம் செய்யும் என்கிறார்களே?

பல பாலைவனச் செடிகள் பகல் வெயிலில் நீர் ஆவியாகாமல் இருக்க இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கார்பன் டை ஆக்சைடை உள்ளே இழுத்து அமிலமாகச் சேர்த்துவைக்கும். அந்த இரவு வேலையைத்தான் ஆக்சிஜன் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். ஆக்சிஜன் உண்டாக வெளிச்சம் வேண்டும், அது பகலில்தான். யூக்காவிலேயே எல்லாம் ஒரே மாதிரி இல்லை: அலோயிஃபோலியா இப்படி இரவில் மூச்சு வாங்கும், ஃபிலமென்டோசா சாதாரணச் செடிகளைப் போலப் பகலில்.

காற்றுச் சுத்தம் பற்றிய பேச்சு 1989-இல் நாசா செய்த சோதனையிலிருந்து வந்தது, அது மூடிய சிறு பெட்டிக்குள் நடந்தது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, சாதாரணமாகக் காற்று வந்துபோகும் அறையில் அந்தப் பலன் கிடைக்க ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்து, அதிகபட்சம் ஆயிரம் செடிகூடத் தேவைப்படும் என்று கணக்குப் போட்டது. ஜன்னலைத் திறங்கள். செடியை அழகுக்காக வையுங்கள்.

கேள்வி: உள்ளே இருந்த யூக்காவை மாடி வெயிலில் வைத்தேன், இலையில் வெள்ளைத் திட்டு. வெயில் செடிதானே?

வெயில் செடிதான், ஆனால் அந்த இலைகள் நிழலில் பிறந்தவை. திட்டு ஆறாது, புது இலை சரியாக வரும். அடுத்த முறை காலை வெயிலில் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள்.

கேள்வி: அடினியம் குச்சி நட்டேன், நன்றாக வளர்கிறது. அடி மட்டும் பருக்கவே இல்லை.

குண்டான அழகிய அடி வேண்டுமென்றால் விதையிலிருந்து வளர்த்த செடிதான். குச்சியில் வேர் ஓரளவு தடிக்கும், அந்த உருண்டை வருவது அரிது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பலர் இங்கே குழம்புகிறார்கள்: மண் காய்ந்திருந்து அடி லேசாக அமுங்கினால் தாகம், மண் ஈரமாக இருந்து அமுங்கினால் அழுகல். முதலாவதற்குத் தண்ணீர், இரண்டாவதற்குக் கத்தி.

கேள்வி: இலைக்கிடுக்கில் வெள்ளைப் பஞ்சு.

மாவுப்பூச்சி. 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சு நனைத்துத் துடையுங்கள், ஒரு வாரம் விட்டுத் திரும்பத் துடையுங்கள், ஒரே தடவையில் போகாது. போன பிறகும் செடி சோர்ந்தே இருந்தால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள், அங்கேயும் இருக்கலாம்.

கேள்வி: உரம்?

வளரும் காலத்தில் எப்போதாவது, பாதி அளவில், தழைச்சத்து குறைந்ததாக. இல்லாவிட்டாலும் குடி மூழ்கிவிடாது.

கேள்வி: வீட்டுக்குள் இருக்கும் யூக்கா கூரையை முட்டுகிறது. வெட்டினால் செத்துவிடுமா?

தயங்காமல் வெட்டுங்கள். செடி நன்றாக வளரும் வெதுவெதுப்பான பருவத்தில், வேண்டிய உயரத்தில் ரம்பத்தால் அறுத்துவிடலாம். தொட்டியில் நிற்கும் கட்டை சில வாரத்தில் இரண்டு மூன்று இடத்தில் துளிர்க்கும். விற்பனைக்கு வரும் பல தலை யூக்காவும் இப்படி அறுத்த தண்டுதான், வெட்டிய முகத்தில் மெழுகு பூசி அனுப்புகிறார்கள். மேல் தலையை நிழலில் ஒரு வாரம் காயவைத்து நடுங்கள். நடுத்துண்டு மிஞ்சினால் அதுவும் வேர் விடும், அறுத்தவுடனேயே எது மேல்பக்கம் என்று பேனாவால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், காய்ந்த பிறகு இரண்டு முனையும் ஒன்றுபோலத்தான் தெரியும், தலைகீழாக நட்டால் உருப்படாது.