மகள் இரத்தம் ஏற்ற மறுக்கிறாள்: அப்பாவின் கையெழுத்து போதுமா?

கேள்வி: மகளுக்கு 15 வயது. முதுகெலும்பு வளைவுக்கு அடுத்த மாதங்களில் சத்திரசிகிச்சை. தாயுடன், இரத்தம் ஏற்றுவதை ஏற்காத யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவ சபைக்குப் போகிறாள். இரத்தம் ஏற்றக்கூடாது என்கிறாள். நான் கையெழுத்து வைத்தால் போதாதா? – ஒரு தந்தை, ஸ்காபரோ

பதில்: போதாது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் 1996ஆம் ஆண்டு மருத்துவச் சம்மதச் சட்டத்தில் வயதெல்லை இல்லை. சிகிச்சையைப் பற்றி விளங்கிக்கொள்ளவும், மறுத்தால் என்ன நேரும் என்று உணரவும் மகளால் முடியுமென்றால், முடிவு அவளுடையது. முடியாது என்று வைத்தியர் கண்டால்தான் உங்களிடம் வருவார்கள்.

அதை எப்படிக் கண்டறிவது? பெற்றோரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "இரத்தம் நிறையப் போனால் உமக்கு என்ன நடக்கும்?" என்று கேட்பார்கள். "அம்மா சொன்னவ" என்று ஒரு பிள்ளை நிறுத்திவிடும். இன்னொரு பிள்ளை, "நான் செத்தும் போகலாம், தெரியும்" என்று சொல்லி, தன் காரணத்தைத் தன் சொல்லில் விளக்கும். இரண்டாவது பிள்ளையை விளக்கமில்லாதவள் என்று ஒதுக்க முடியாது. விசுவாசம் இருப்பது புத்தி இல்லாததற்கு அடையாளமல்ல. அப்பாமாருக்கு இது கசப்புத்தான்.

ஆனால் அதோடு முடிவதில்லை. 2006இல் இன்னொரு மாகாணமான மானிட்டோபாவில் 14 வயதும் 10 மாதமுமான ஒரு சிறுமிக்கு, கிரோன் என்ற குடல் அழற்சி நோயால் குடலில் இரத்தக் கசிவு. மூன்று மனநல வைத்தியர்கள் அவள் விளங்கித்தான் மறுக்கிறாள் என்றார்கள். நீதிமன்ற உத்தரவுடன் இரத்தம் ஏற்றினார்கள்; தேறிவிட்டாள். அந்த உத்தரவுக்கு வழிவிட்ட சட்டம் செல்லும் என்று 2009இல் கனடா உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே, 16 வயதுக்குக் கீழே என்றாலும் முதிர்ச்சி கூடக்கூடப் பிள்ளையின் சொல்லுக்கு மதிப்பும் கூட வேண்டும் என்றது. ஒன்ராறியோவிலும் உயிராபத்து என்றால் விஷயம் பிள்ளைகள் நலச் சங்கத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போகலாம்.

உங்களுடையது திட்டமிட்ட சத்திரசிகிச்சை, நேரம் இருக்கிறது. மயக்க மருந்து வைத்தியரை இப்போதே சந்தியுங்கள். முன்கூட்டியே இரும்புச் சத்து கொடுத்து ஹீமோகுளோபினை ஏற்றலாம். கசிவைக் குறைக்க ட்ரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்து இருக்கிறது. சிந்தும் இரத்தத்தைச் சேர்த்துக் கழுவி அவளுக்கே திருப்பிக் கொடுக்கும் இயந்திரமும் உண்டு. அந்த இயந்திரத்தை ஏற்பதா என்பதைச் சபை அவரவர் மனச்சாட்சிக்கே விட்டிருக்கிறது. ஆகவே அதைப் பற்றி வைத்தியர் மகளிடம் தனியாகக் கேட்கட்டும், நீங்களும் அவளுடைய அம்மாவும் வெளியே இருங்கள்.