அட்டிக் ஃபேனும் தீ அபாயமும்: வாசகர் கேள்விகள்

அமெரிக்காவில் வீடு வாங்கிய நம்மவர்களிடமிருந்து வெயில் ஏறினால் வரும் கேள்விகள் இவை. அட்டிக் என்பது கூரைக்கு அடியில் உள்ள வெற்றிடம்; அங்கே தேங்கும் சூடான காற்றை வெளியே தள்ளுவது அட்டிக் ஃபேன். கூரையில் பொருத்திய இந்த ஃபேனை வீட்டுக்காரர்கள் பார்ப்பதே அபூர்வம். பிரச்சினையில் பாதி அதுதான்.

டல்லாஸ் வாசகர்: எங்கள் அட்டிக் ஃபேன் சில நாட்களாக முனகுகிறது, ஆனால் காற்று வருவதாகத் தெரியவில்லை. பிரேக்கர் (மின்சாரம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) விழவில்லையே, ஆபத்து இல்லை என்று இருந்துவிடலாமா?

முதலில் போய் அந்த பிரேக்கரை அணைத்துவிட்டு வாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

பேரிங் வறண்டு இறுகிவிட்டால் மோட்டார் சுழலாது. மின்சாரமோ சுருளில் ஓடிக்கொண்டே இருக்கும். சுழலும்போது தன் காற்றிலேயே குளிர்ந்துவந்த மோட்டார், நின்றதும் சூடேறத் தொடங்கும். அதுவும் 130 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் அட்டிக்கில், தூசி படிந்த உடலோடு, காய்ந்த மரச்சட்டங்களுக்கு நடுவே.

பிரேக்கர் ஏன் விழவில்லை என்றால், அது விழ வேண்டிய காரணமே இல்லை. 15 ஆம்பியர் பிரேக்கர் சுவருக்குள் ஓடும் ஒயரைக் காப்பதற்கு வைத்தது. இந்தச் சின்ன மோட்டார் சிக்கி நின்றாலும் இழுக்கும் மின்சாரம் பொதுவாக அந்த அளவை எட்டாது. மோட்டாரைக் காக்க அதற்குள்ளேயே ஒரு வெப்பக் காப்பு இருக்கும். ஒருமுறை அறுந்தால் அதோடு முடிந்துபோவது ஒரு வகை. ஆறியதும் தானே மறுபடி இணைந்துகொள்வது இன்னொரு வகை. இரண்டாவது வகையில், சிக்கிய மோட்டார் நாள் முழுவதும் சூடாகி, அணைந்து, ஆறி, மறுபடி சூடாகும். இப்படியே போனால் ஒரு நாள் அந்தக் காப்பும் கைவிடும். எண்ணெய் விட்டுச் சுழலவைத்துப் பார்க்கும் வேலை வேண்டாம். மோட்டாரை மாற்றுங்கள், இல்லையேல் ஃபேனையே எடுத்துவிடுங்கள்.

சாக்ரமெண்டோ வாசகர்: காட்டுத்தீ சமயத்தில் இந்த ஃபேன் ஓடலாமா? தீ வந்தால் தானாக நின்றுவிடுமா?

ஓடவே கூடாது. ஃபேன் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக, கூரையின் இறவாரத் துளைகள் வழியே வெளிக்காற்று உள்ளே வரும். காற்றில் பறந்துவரும் தீப்பொறிகளுக்கும் அதே வழிதான். 2018இல் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊரை அழித்த காட்டுத்தீயில், தீயின் முன்வரிசைக்கு வெகுமுன்னாலேயே பொறிகள் பறந்துவந்து விழுந்தன.

தானாக நிற்குமா என்றால், சாதாரணத் தெர்மோஸ்டாட்டுக்கு வெயிலும் தீயும் ஒன்றுதான். சூடு கூடினால் ஃபேனை ஓடவிடுவது அதன் வேலை. அட்டிக்கில் தீப்பிடித்தால் காற்றூதிக் கொடுக்கும். குறிப்பிட்ட உச்ச வெப்பத்தில் ஃபேனை நிறுத்தும் ஃபயர்ஸ்டாட் சில மாடல்களில் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. உங்களுடையதன் கையேட்டைப் பாருங்கள். எச்சரிக்கை வந்தவுடன் தெர்மோஸ்டாட்டைத் திருகிக்கொண்டிராமல் பிரேக்கரிலேயே அணையுங்கள். இறவாரத் துளைகளுக்கு, கண்கள் 1/8 அங்குலத்துக்கு மேற்படாத உலோக வலை வேண்டும். அதில் தூசி அடைத்திருந்தால் துடைத்துவிடுங்கள்.

நியூ ஜெர்சி வாசகர்: அட்டிக்கில் ஒரு ஸ்மோக் அலாரம் மாட்டிவிட்டால் போதுமா?

வேண்டாம். வீட்டு ஸ்மோக் அலாரங்கள் பெரும்பாலும் 40 முதல் 100 டிகிரி ஃபாரன்ஹீட் வரையிலான இடங்களுக்கு என்று செய்தவை. அட்டிக்கின் சூட்டிலும் தூசியிலும் பொய்யாக அலறும். நீங்களும் எரிச்சலில் பேட்டரியைக் கழற்றிவிடுவீர்கள். புகைக்குப் பதில் சூட்டை உணர்ந்து ஒலிக்கும், அட்டிக்குக்கு உரிய ஹீட் அலாரம் வாங்கி, கீழே உள்ள அலாரங்களோடு இணையுங்கள். 135 டிகிரியில் ஒலிக்கும் வகை கோடையில் தொல்லை தரும். அதைவிட உயர்ந்த வெப்பநிலைக்கு அமைந்ததைக் கேட்டு வாங்குங்கள்.

ஆஸ்டின் வாசகர்: சோலார் ஃபேனுக்கு மாறலாமா?

வீட்டு மின்சாரம் இல்லாததால் அபாயம் குறைவு. ஆனால் என் கேள்வி வேறு: ஃபேன் எதற்கு? கூரை முகட்டிலும் இறவாரத்திலும் போதிய துளைகள் இருந்தால் காற்று தானே ஏறி வெளியேறும். பலமான ஃபேன், அறைகளின் உட்கூரை இடுக்குகள் வழியே நீங்கள் காசு கொடுத்துக் குளிர்வித்த காற்றையும் உறிஞ்சும். எரிவாயு வாட்டர் ஹீட்டர் இருக்கும் வீட்டில், புகைபோக்கியில் போக வேண்டிய கார்பன் மோனாக்சைடை வீட்டுக்குள் திருப்பிவிடவும் கூடும். அந்தப் பணத்தை இடுக்குகளை அடைக்கவும், சூட்டைத் தடுக்கும் இன்சுலேஷனுக்கும் செலவிடுங்கள்.

பழைய ஃபேனை எடுக்கும்போது ஒயரை நறுக்கி, டேப் சுற்றி, இன்சுலேஷனுக்குள் செருகிவிட்டுப் போகும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒயர் முனைகள் மூடியுள்ள ஜங்ஷன் பெட்டிக்குள் இருக்கின்றனவா என்று நீங்களே ஏறிப் பார்த்த பிறகு கூலியைக் கொடுங்கள்.