பிரெஞ்சு பிரஸ்ஸில் கசப்பும் கசடும்: பொடியை மாற்றிப் பாருங்கள்

வணக்கம். சிக்கரி கலந்த 80:20 ஃபில்டர் பொடியைப் பிரெஞ்சு பிரஸ்ஸில் (கம்பி வலையை அழுத்திக் காபி வடிக்கும் குடுவை) போட்டு, கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்ததில் அழுத்தவே முடியவில்லை, கப்பின் அடியில் சேறு, வாயெல்லாம் கசப்பு என்று எழுதியிருந்தீர்கள். கருவியில் பழுதில்லை, திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பொடிதான் பொருந்தவில்லை.

டிகாக்‌ஷன் பொடி நைஸாக இருக்கும். பிரஸ்ஸின் கம்பி வலையில் பாதி நழுவிக் கப்புக்கு வரும், மீதி வலையை அடைத்துக்கொள்ளும். காபிக்கொட்டை அரைத்துத் தரும் கடையில், சிக்கரி சேர்க்காமல், ரவையைவிடச் சற்றுப் பெரிய குருணையாகக் கேளுங்கள். கொட்டை வகைகளில் பிளான்டேஷன் ஏ அல்லது பீபெரி, மிதமான வறுவல் எனக்குப் பிடிக்கும். 100 கிராம் மட்டும் வாங்குங்கள். அரைத்த பொடியின் மணம் சீக்கிரம் போய்விடும்.

30 கிராம் பொடிக்கு 450 மில்லி தண்ணீர். கொதித்ததை இறக்கி, அரை நிமிடம் விட்டு ஊற்றுங்கள். 4 நிமிடம் கழித்து, மேலே ஆடைபோல் மிதக்கும் பொடியை ஸ்பூனால் கலைத்து, நுரையை வழித்தெடுங்கள். இன்னும் இரண்டு நிமிடம் கை வைக்காமல் இருந்தால் மண்டி தானே அடியில் இறங்கும். தயவுசெய்து இதைத் தவறவிடாதீர்கள், சேறு குறைவதே இதனால்தான். பிறகு மெதுவாக அழுத்தி, மொத்தத்தையும் உடனே ஊற்றிவிடுங்கள். பிரஸ்ஸிலேயே கிடந்தால் கசப்பு ஏறிக்கொண்டே போகும்.

பால் சேர்ப்பதானால் தண்ணீரை 250 மில்லியாகக் குறையுங்கள். டிகாக்‌ஷன் அளவுக்குக் கெட்டியாக வராது, ஆனால் மணம் தூக்கலாக இருக்கும்.

கையிலிருக்கும் 80:20 பொடி ஃபில்டருக்கே போகட்டும்.