ஓசூரில் செய்த வண்டிக்கு வரி யாருக்கு? மாநில வரிப் பங்கு குறித்த கேள்வி பதில்

வரிப் பங்கீடு பற்றி நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்கள் கேட்டவற்றில் சிலதை எடுத்துக்கொண்டேன். வணிகவரிக் கணக்கோடு புழங்கியவன் நான். கட்சி விளக்கம் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

பாலக்கோடு: அண்ணா, நாம கட்டுற ஒரு ரூபாய்ல 29 பைசாதான் திரும்ப வருதாமே?

அந்த 29 பைசாவை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள் தம்பி. கம்பெனி வருமான வரி, கம்பெனி எங்கே கணக்குத் தாக்கல் செய்கிறதோ அந்த மாநிலத்தின் பேரில் ஏறும். ஆலை ஓசூரில், பதிவு அலுவலகம் பெங்களூரில் என்றால் அது கர்நாடகக் கணக்கு. மத்திய வரியை மாநிலங்களுக்கு எப்படிப் பிரிப்பது என்று சொல்லும் நிதிக்குழு தரும் பங்கைப் பாருங்கள், அதில் மழுப்ப முடியாது. மாநிலங்களுக்குப் பிரிக்கும் தொகையில் நமக்கு 12-வது நிதிக்குழு 5.305 சதவீதம் தந்தது, அது 13-ல் 4.969, 14-ல் 4.023, 15-ல் 4.079. கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி தாண்டிக் கேட்டால் இன்னும் சத்தமாகப் புலம்புவார்கள், 15-வது குழுவில் கர்நாடகா 4.713-லிருந்து 3.647-க்கு இறங்கியது.

அரூர்: குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்கா செஞ்சதுக்குத் தண்டனையா சார் இது?

பாதி உண்மை டீச்சர். 15-வது குழு 2011 மக்கள்தொகையை எடுத்துக்கொண்டு அதற்கு 15 சதவீத எடை வைத்தது, பிறப்பைக் குறைத்தவர்களைச் சமாதானப்படுத்த 12.5. ஆனால் நம்மை இழுத்துவிட்டது 45 சதவீதம், தனிநபர் வருமானம் குறைந்த மாநிலத்துக்கு அதிகம் என்ற கணக்கு. அதை அடியோடு தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. சென்னையும் கோவையும் கட்டும் வரியில் தருமபுரியில் மருத்துவக் கல்லூரி நடக்கலாம் என்றால், அதே நியாயத்தைப் பீகார்க்காரன் கேட்கும்போது மட்டும் கசக்கக்கூடாது இல்லையா? வரியை முயன்று வசூலிப்பதற்கு வெறும் 2.5 வைத்தார்களே, கோபம் அங்கே வரணும்.

கிருஷ்ணகிரி: மத்திய வரியில 41 சதவீதம் மாநிலங்களுக்குன்னு சொல்றாங்க, அப்புறம் ஏன் கூப்பாடு?

வரிக்கு மேல் கூடுதலாகப் போடும் செஸ், சர்சார்ஜ் இரண்டும் அந்த 41-க்குள் வராது. 2022 மே குறைப்புக்குப் பிறகு ஒரு லிட்டர் பெட்ரோலில் மத்தியக் கலால் 19.90 ரூபாயாக இருந்தது, அதில் பிரித்துக் கொடுக்க வேண்டியது 1.40 ரூபாய் மட்டும். மீதி டெல்லியிலேயே நின்றுவிட்டது. சதவீதத்தை ஏற்றச் சொல்லிக் கேட்பதைவிட இந்தக் கதவை அடைக்கச் சொல்வதுதான் காரியம் என்பேன்.

ஓசூர்: இங்க அவ்வளவு வண்டி தயாராகுது, ஜிஎஸ்டி நமக்குத்தானே?

இல்லை. 2017 ஜூலை 1-லிருந்து வண்டி எங்கே விற்குமோ அந்த மாநிலத்துக்கு. முன்பு வெளிமாநிலத்துக்குப் போகும் சரக்கில் மத்திய விற்பனை வரி 2 சதவீதமாவது நமக்கு நின்றது. இப்படி ஜிஎஸ்டியால் போன வருவாய்க்குத்தான் ஆண்டுக்கு 14 சதவீத வருவாய் வளர்ச்சிக்கு உத்தரவாதம் என்று ஐந்து வருடம் இழப்பீடு கொடுத்தார்கள், 2022 ஜூனோடு அதுவும் முடிந்தது.

பர்கூர்: மாங்கூழுக்கு 12 சதவீதம் போட்டு ரொம்ப நாள் கழுத்தை அறுத்தாங்களே, மாநில அரசே குறைச்சிருக்கக் கூடாதா?

முடியாது. வரி விகிதத்தை முடிவு செய்யும் ஜிஎஸ்டி கவுன்சிலில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு, எதுவும் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். எல்லா மாநிலமும் ஒன்றாகக் கை தூக்கினாலும் 66 சதவீதம்தான் தேறும். அதிலும் சிக்கிமுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே எடை. கவுன்சில் சொல்வது கட்டாயமில்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஆனாலும் ஒரு மாநிலமும் தனியாகப் போகவில்லை. போனால் வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிச் சங்கிலி அறுந்துவிடும், வியாபாரி முதலில் மாநில அரசைத்தான் திட்டுவான். கடைசியில் 2025 செப்டம்பரில் 12 சதவீத அடுக்கையே எடுத்தபோதுதான் கூழ் 5-க்கு வந்தது.

பென்னாகரம்: எங்க பஞ்சாயத்துல தெருவிளக்கு மாத்தவே காசில்லைங்கறாங்க. அதுக்கும் டெல்லிதான் காரணமா?

இதற்குச் சென்னையையும் கேளுங்கள். 1969-ல் ராஜமன்னார் குழு, 2025-ல் குரியன் ஜோசப் குழு என்று மாநில உரிமைக்குக் குழு போட்ட நாம்தான், 2025 ஜனவரியில் நம் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்ததும் தேர்தல் நடத்தாமல் தனி அலுவலரை உட்கார வைத்தோம். நிதிக்குழு மானியம் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிக்குத்தான் வரும். அடுத்த கிராமசபையில் மானியம் எவ்வளவு வந்தது, எவ்வளவு நின்றது என்று எழுத்தில் கேளுங்கள், தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள்.